பொது நூலகத்துக்குத் திருட்டு எச்சரிக்கைக் கதவு: வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி வந்தது அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர் ஒன்றிலிருந்து. பிரதேச சபை நூலகம், ஏறத்தாழ 20,000 நூல்கள், ஒரே தளம், இரண்டு வாசல். கேட்டவர் வாசகர் வட்டத்தில் இருக்கிறார். கடைசியாக நடந்த பொருட்கணிப்பில் நூல்கள் கணிசமாகக் குறைந்திருப்பதாக வந்திருக்கிறது. ஒரு திட்டத்தில் பணம் கிடைக்கக்கூடும், பதியாமல் நூலைக் கொண்டு போனால் வாசலில் ஒலியெழுப்பும் கதவும் (இரண்டு தூண்கள்தான்), நூல்களுக்குள் ஆர்.எப்.ஐ.டி. என்ற, வானலையால் வாசிக்கப்படும் சிப்பும் போட்டுவிடலாம் என்று சபையில் பேச்சு. "இது எங்களுக்குப் பிரயோசனப்படுமா, அல்லது கொஞ்ச நாளில் மூலையில் போய்விடுமா?" என்று கேட்கிறார்.

உங்கள் நூலகத்துக்கு இப்போது வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்தக் கருவிகளே வீண் என்று சொல்ல வரவில்லை. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற மாநகர சபைகளின் நூலகங்களுக்கும், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழக நூலகங்களுக்கும் கணக்கு வேறு மாதிரி வரலாம். ஆனால் எந்த நூலகமானாலும் முதலில் தெரிய வேண்டியது ஒன்று: நூல்கள் எந்த வழியால் போகின்றன? அது தெரியாமல் கதவு வாங்குவதைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை. பெரும்பாலான சபைகளில் அந்தக் கணக்கை யாரும் எடுத்ததே இல்லை என்பதுதான் எனக்குள்ள கவலை.

பொருட்கணிப்பு அறிக்கையில் "குறைவு" என்று வரும் எண்ணை அப்படியே திருட்டு என்று வாசிக்கக் கூடாது. அதற்குள் பல விடயங்கள் கலந்து கிடக்கும். இரவல் எடுத்துப் போய்த் திருப்பித் தராதவை இருக்கும். தட்டு மாறி வைக்கப்பட்டு, வேறு இலக்கத்துக்குள் ஒளிந்து கிடப்பவை இருக்கும். யாரோ ஓர் அதிகாரி "நாளைக்குத் தருகிறேன்" என்று பதியாமல் வாங்கிக் கொண்டு போனவையும் இருக்கும். எங்கள் பக்கத்தில் இன்னொரு வகையும் உண்டு. 1978 சூறாவளி, 2004 சுனாமி, 2011 வெள்ளம் என்று வந்த அழிவுகளில் நனைந்தும் கிழிந்தும் போன நூல்கள் சில இடங்களில் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து (நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு நூலையும் எண்ணிட்டுப் பதியும் ஏடு) இன்னும் முறையாக நீக்கப்படவில்லை. ஒவ்வொரு கணிப்பிலும் அவை மறுபடி மறுபடி குறைவாக எழும்பும். இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான், பதியாமல் வாசலால் வெளியே போன நூல். எச்சரிக்கைக் கதவு அந்த மிச்சத்துக்கு மட்டுமே மருந்து. முறைப்படி இரவல் எடுத்துப் போய்த் திரும்பி வராத நூலைக் கதவால் எதுவும் செய்ய முடியாது. அது எல்லாருக்கும் முன்னால், கதவின் நடுவாலேயே சத்தமில்லாமல் போயிருக்கும்.

அந்த மிச்சம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் பெரிய செலவு இல்லை. முழு நூலகத்தையும் மூடி எண்ணவும் தேவையில்லை. சேர்க்கைப் பதிவேட்டை எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தொடக்க எண், 17 என்று வையுங்கள். பிறகு 67, 117, 167 என்று ஒவ்வொரு 50ஆவது எண்ணாக எழுதிக்கொண்டு போங்கள். 20,000 நூலுக்கு 400 வரும். அந்த 400ஐயும் தட்டில் தேடுங்கள். தட்டில் இல்லாததை இரவல் பதிவிலும், கட்டுவதற்கு ஒதுக்கி வைத்த அடுக்கிலும், நீக்கல் பட்டியலிலும் தேடுங்கள். பக்கத்துத் தட்டுகளையும் ஒருமுறை பாருங்கள். இரண்டு பேர் இரண்டு மூன்று நாளில் முடிக்கிற வேலை. வாசகர் வட்டத்திலிருந்தே ஆள் சேர்க்கலாம்.

400இல் 24 நூல் எங்குமே இல்லை என்று வருகிறது என்று வையுங்கள். அது 6 வீதம். மாதிரி என்பதால் உண்மை அளவு ஏறத்தாழ 4க்கும் 8க்கும் இடையே எங்கோ இருக்கும். பயப்பட வேண்டாம். இந்த 6 வீதம் ஒரு வருட இழப்பு அல்ல, நூலகம் தொடங்கிய நாள் முதல் சேர்ந்தது. 20,000இல் 6 வீதம் 1,200 நூல். நூலகத்துக்கு 30 வயது என்றால் சராசரியாக வருடத்துக்கு 40. இன்றைய நிலவரம் இன்னும் துல்லியமாக வேண்டும் என்றால், கடந்த மூன்று வருடத்தில் வாங்கிய நூல்களை மட்டும் ஒன்று விடாமல் சரிபாருங்கள். பழைய அழிவுகளின் கணக்கு அதில் கலக்காது. எந்த வகை நூல் போகிறது என்பதும் அப்போதுதான் தெரியும். பெரும்பாலும் அது 20,000இலும் பரந்து இருக்காது, இரண்டு மூன்று தட்டுகளில் குவிந்திருக்கும். எங்கள் ஊர் நூலகங்களில் நான் கண்டவரை உயர்தரப் பரீட்சை வழிகாட்டிகள், கடந்தகால வினாத்தாள் தொகுப்புகள், போட்டிப் பரீட்சை நூல்கள், ஆங்கில இலக்கணம், சமய நூல்களில் சில, அப்புறம் எப்போதும் கேட்கப்படுகிற ஒருசில நாவல்கள்.

இழப்பு எந்த அளவு வரை இயல்பானது என்பதற்கு ஓர் அளவுகோல் சொல்கிறேன். இது எங்கள் நாட்டு விதி அல்ல, இந்திய மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ளது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் 215ஆவது விதி. இரவல் போகும், பார்வையிடப்படும் நூல்களில் 1,000க்கு 5 நூல் ஒரு வருடத்தில் இழப்பதை நியாயமான இழப்பாக ஏற்கலாம் என்கிறது அது. நேர்மையீனமோ கவலையீனமோ காரணமாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1,000 இந்திய ரூபாவுக்கு மேற்பட்ட நூலோ, விலை எதுவானாலும் அரிய நூலோ காணாமல் போனால் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 20,000 நூல் வரை உள்ள நூலகம் வருடா வருடம் முழுமையாகச் சரிபார்க்க வேண்டும், 20,000 முதல் 50,000 வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு. மக்களுக்குத் திறந்து வைத்த நூலகத்தில் ஓரளவு இழப்பு இருக்கும் என்பதை ஓர் அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. வருடத்தில் 20,000 தடவை நூல் கைமாறும் நூலகத்தில் 100 நூல் போவது அந்த அளவுகோலுக்குள் அடங்கும். கணக்காய்வாளரோடு பேசும்போது இதை எடுத்துச் சொல்லலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், எங்கள் நூலகர்கள் பலர் இழப்புக்குப் பயந்தே வேலை செய்கிறார்கள். குறைந்த நூலுக்குத் தங்கள் சம்பளத்தில் கைவைத்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தின் விளைவு கண்ணாடி அலுமாரியும் பூட்டும். நல்ல நூல் எல்லாம் பூட்டுக்குள், வெளித்தட்டில் பழைய அறிக்கைகளும் பாடத்திட்டம் மாறிய புத்தகங்களும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவதாக, நூல்கள் பயன்பாட்டுக்கே என்று எழுதி வைத்தார். பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும் நூல் திருட்டுப் போகாது, உண்மைதான். ஆனால் அதை யாரும் வாசிக்கவும் மாட்டார்கள். கதவா அலுமாரியா என்று இரண்டில் ஒன்றுதான் வழி என்றால் நான் கதவுக்கே கை தூக்குவேன். நல்லவேளையாக வேறு வழிகளும் இருக்கின்றன.

இனிப் பணக் கணக்கு. கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை. உங்களுக்கு வரும் விலைமனுவில் உள்ளதை அந்த இடத்தில் வையுங்கள். ஒரு வாசலுக்குக் கதவு, கவுண்டரில் வைக்கும் கருவி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 18 இலட்சம், எட்டு வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 2.25 இலட்சம். சிப் ஒன்று 60 ரூபா என்றால் 20,000 நூலுக்கு 12 இலட்சம், எட்டால் பிரித்தால் 1.5 இலட்சம். பராமரிப்பு ஒப்பந்தம் கருவி விலையில் 10 வீதம் என்றால் 1.8 இலட்சம். மொத்தம் வருடத்துக்கு 5.55 இலட்சம். காணாமல் போன நூலைத் திரும்ப வாங்கி, பகுப்பெண் இட்டு, பதிந்து தட்டில் வைக்கச் சராசரி 1,200 ரூபா என்று கொள்வோம். வாசலால் போகிற நூலில் பாதியைக் கதவு தடுக்கும் என்றும் கொள்வோம். அப்படியானால் வருடத்துக்கு 925 நூல் பதியாமல் வெளியே போய்க்கொண்டிருந்தால்தான் கதவு தன் செலவை மீட்கும். நூலகம் வருடத்தில் 300 நாள் திறந்திருந்தால் ஒவ்வொரு நாளும் மூன்று நூல். மேலே பார்த்த 40 எங்கே, இந்த 925 எங்கே!

"பணம் எங்களுடையது இல்லையே, திட்டத்தில் வருகிறதே" என்பார்கள். சரி, கதவும் முதல் தொகுதிச் சிப்பும் இலவசம் என்றே வைப்போம். பராமரிப்பு 1.8 இலட்சம் சபையின் தலையில்தான் விழும். வருடத்துக்கு 1,000 புதிய நூல் வந்தால் அவற்றுக்கான சிப் 60,000. ஆக 2.4 இலட்சம். இதை மீட்கவே வருடத்துக்கு 400 நூல் களவு போக வேண்டும். அதே 2.4 இலட்சத்துக்கு வருடா வருடம் 200 நூல் வாங்கலாம். நன்கொடையாக வரும் கருவியில் சபைகள் கவனிக்காமல் விடுவது இந்தப் பகுதியைத்தான். பொருள் தருகிறவர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மூன்றாம் வருடம் பழுதாகும்போது அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு இருக்காது.

இப்படி நின்றுபோன கதவு ஒன்றைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். இரண்டு தூணும் வாசலில் கம்பீரமாக நின்றன. பிளக் சுவரிலிருந்து கழற்றப்பட்டு, வயர் சுருட்டி ரப்பர் பட்டி போட்டுத் தூணின் அடியில் வைக்கப்பட்டிருந்தது. ஒரு தூணில் யாரோ ஈரக் குடையைக் கொழுவியிருந்தார்கள். மின்வழங்கிப் பலகை எரிந்துபோய், உதிரிப்பாகத்துக்குக் கேட்ட விலை சபைக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அங்கிருந்த உதவியாளர் சொன்னார். சிப் ஒட்டும் வேலை மட்டும் நிற்கவில்லை. அவர் அன்றும் புதிய நூல்களுக்கு ஒட்டிக்கொண்டுதான் இருந்தார், ஏனென்றால் நிறுத்தச் சொல்லி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உதிரிப்பாகம் டொலரில் வருகிற பொருள். 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360க்கு மேல் போனதை நாங்கள் எல்லாரும் அனுபவித்தோம். அதே வருடம் மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. இப்போது நிலைமை அப்படி இல்லை. ஆனால் எட்டு வருடத்துக்கு என்று வாங்கும் கருவிக்கு இதையும் யோசிக்க வேண்டும். கரையோர ஊரில் உப்புக் காற்று சுற்றுப் பலகைகளை அரிப்பது தனிக் கதை.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன், விற்க வருகிறவர் சொல்வதை எடைபோட உதவும். பொதுவாக மூன்று வகை. மின்காந்தப் பட்டை 1970களிலிருந்து நூலகங்களில் இருக்கிறது. மெல்லிய உலோக நூல் போன்ற பட்டையை இரண்டு பக்கங்களுக்கு நடுவே, முதுகை ஒட்டி உள்ளே செருகுவார்கள். தேடினாலும் இலகுவில் கண்ணுக்குப் படாது. இரவல் கொடுக்கும்போது கருவியில் தேய்த்து அதை அணைப்பார்கள், திரும்பி வரும்போது உயிர்ப்பிப்பார்கள். இரண்டாவது, கடைகளில் பார்க்கிற வானலைச் ஸ்டிக்கர், 8.2 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. மலிவு, ஆனால் பருமன், உரித்து எடுப்பது சுலபம். மூன்றாவதுதான் உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆர்.எப்.ஐ.டி. நூலகங்களில் பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ் வகை. அதில் நூலின் அடையாள எண்ணும் இருப்பதால் இரவல் கொடுக்க, வாங்க, தட்டில் எண்ண எல்லாவற்றுக்கும் உதவும். அதன் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது. திருட்டைத் தடுக்கும் வேலையில் அது மற்ற வகைகளை விட மேல் என்று சொல்ல முடியாது. சிப் மட்டையின் உட்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டப்பட்டிருக்கும், நகத்தால் கிளப்பலாம். உள்ளங்கையால் அழுத்தி மூடினாலோ, உடம்போடு ஒட்டி வைத்தாலோ, அலுமினியத் தாளில் சுற்றினாலோ கதவுக்குத் தெரியாமல் போகும். பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பையில் அந்தத் தாள் தினமும் இருக்கிறது.

எந்த வகையானாலும் கதவுக்கு எட்டாத வழிகள் உண்டு. யன்னல் முதலாவது. கண்ணாடியும் வலையும் இல்லாத, கம்பி மட்டும் போட்ட யன்னல் எங்கள் பழைய நூலகக் கட்டடங்களில் சாதாரணம். உள்ளே ஒருவர், வெளியே பூச்சாடிக்குப் பக்கத்தில் ஒருவர், வேலை முடிந்தது. அடுத்தது பிளேட். எனக்கு மிகவும் வலிக்கிற விடயம் இது. ஒரு வினாத்தாள் தொகுப்பில் 2018, 2019 விடைப் பகுதிகள் மட்டும் தையலை ஒட்டி நேர்த்தியாக வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். நூலை விரித்தால் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ஓரங்கள் மட்டும் நின்றுகொண்டிருக்கும். சிப் அப்படியே மட்டையில் இருக்கும், கதவு சத்தம் போடாது, பொருட்கணிப்பிலும் நூல் "உண்டு" என்று வரும். ஆனால் அடுத்து வருகிற பிள்ளைக்கு அந்த நூல் இல்லாததற்குச் சமம். முழு நூல் போவதை விட இது மோசம் என்று நான் நினைக்கிறேன். போன நூலுக்குப் பதில் வேறு பிரதி வாங்குவார்கள், வெட்டுப்பட்டது வருடக்கணக்காக அப்படியே தட்டில் இருக்கும்.

அலாரம் அடித்தால் என்ன நடக்கும் என்பதை எந்த விலைமனுவும் சொல்வதில்லை. பிரதேச சபை நூலகத்தில் ஒரு நேரத்தில் ஒருவர், கூடிப்போனால் இரண்டு பேர் கடமையில் இருப்பார்கள். கவுண்டரில் நான்கு பேர் வரிசையில் நிற்கும்போது அலாரம் அடித்தால் யார் ஓடுவது? ஓடிப்போய் என்ன செய்வது? நூலக ஊழியருக்குப் பொலிஸ் அதிகாரம் இல்லை. ஒரு பெண் பிள்ளையின் பையை ஆண் உதவியாளர் திறந்து பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அலாரம் பொய்யாகவும் அடிக்கும். வேறொரு நூலகத்தின் அணைக்கப்படாத பட்டை பையில் இருந்தால் போதும். உதவியாளர் அவசரத்தில் பட்டையைச் சரியாக அணைக்காமல் விட்டாலும் போதும். பெரிய நகரத்தில் அது ஒரு நிமிடச் சங்கடம். எங்கள் ஊர்களில் அப்படி இல்லை. சீருடையோடு நிற்கிற பிள்ளைக்கு முன்னால் அலாரம் அடித்தால், மாலைக்குள் இன்னாருடைய பிள்ளை நூலகத்தில் புத்தகம் களவெடுத்தாம் என்று ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். தவறு கருவியில் என்று பிறகு யாரும் வீடு வீடாகப் போய்ச் சொல்லப் போவதில்லை. அந்தப் பிள்ளை மறுபடி நூலகத்துக்குள் கால் வைக்காது. வாசிக்க வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கை ஏற்கனவே குறைந்துகொண்டு வருகிற காலத்தில், ஒரு வழிகாட்டி நூலைக் காப்பாற்ற ஒரு வாசகரை இழப்பது எனக்குச் சம்மதம் இல்லை. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இத்தகைய கதவுகளைச் சாதாரண நடையில் கடந்து போகலாம், அருகில் சாய்ந்து நிற்கக் கூடாது என்ற அறிவுறுத்தலும் உண்டு. கதவு போட்டால் பத்திரிகை வாசிக்கும் கதிரைகளை அதற்குப் பக்கத்தில் போடக் கூடாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? உங்கள் நூலகத்துக்கு இரண்டு வாசல் என்றீர்கள். முதல் வேலை, வாசகர் போகவர ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது. மற்றதை அவசர வழியாக, உள்ளே இருந்து தள்ளித் திறக்கும்படி விடுங்கள், பூட்டுப் போட வேண்டாம். கதவு வாங்கினாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்லியிருப்பார்கள், இல்லாவிட்டால் இரண்டு தொகுதி வாங்க வேண்டும். பிறகு கவுண்டரை அந்த வாசலை ஒட்டித் திருப்பிப் போடுங்கள், வெளியே போகிற ஒவ்வொருவரும் உதவியாளரின் முகத்தைக் கடந்து போகும்படி. களவு நடக்கும் தட்டுகளைக் கவுண்டரிலிருந்து நேராகப் பார்க்கும் இடத்துக்கு மாற்றுங்கள். உயரமான தட்டு ஒன்று பார்வையை மறைத்தால் அதைச் சுவரோரம் தள்ளுங்கள். பின்பக்க யன்னல்களுக்குக் கம்பி வலை அடியுங்கள். இதற்கெல்லாம் சபையின் தச்சரும் மேசனும் போதும்.

பையை வெளியே வைக்கச் சொல்வதில் கவனம் வேண்டும். இலக்கத் தகடு கொடுத்து, கவுண்டரில் இருப்பவர் கண்ணில் படும் தட்டில் வைப்பது சரி. திறந்த வராந்தாவில் போடச் சொன்னால் நூலுக்குப் பதில் வாசகருடைய பொருள் களவு போகும். பேர்ஸும் தொலைபேசியும் உள்ளே கொண்டுபோக விட வேண்டும்.

பரீட்சை நூல்களுக்கான வழி இன்னும் நேரானது. பிளேட்டுக்கு மாற்று போட்டோக் கொப்பி. உள்ளேயே குறைந்த விலையில் பிரதி எடுக்கும் வசதியும், வினாத்தாள் தொகுப்புகளில் இரண்டு மூன்று மேலதிகப் பிரதிகளும் இருந்தால் வெட்டுவதற்கான தேவையே பெரும்பாலும் போய்விடும். களவெடுக்கிற பிள்ளைகளில் பலருக்கு அந்த நூலைக் கடையில் வாங்க வசதி இல்லை, அதோடு நாளைக்கு வந்தால் தட்டில் இருக்குமா என்ற நம்பிக்கையும் இல்லை. மாலை ஐந்து மணிக்கு எடுத்து மறுநாள் காலையில் திருப்பும் இரவு இரவலை அப்படியான நூல்களுக்கு வைத்துப் பாருங்கள். களவு குறைவதோடு நூலும் பலர் கைக்குப் போகும்.

திருப்பித் தராத நூல்தான் பல இடங்களில் மிகப் பெரிய ஓட்டை. அங்கத்துவப் படிவத்தில் பிணையாளர் கையெழுத்தும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் இருக்கும், ஆனால் தவணை கடந்து ஆறு மாதமானாலும் யாரும் அந்தப் படிவத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. தவணைக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு குறுஞ்செய்தி, கடந்து ஒரு வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு மாதத்தில் பிணையாளருக்கு ஒரு கடிதம் என்று ஒரு ஒழுங்கு இருந்தால் போதும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதத்தில் ஒரு வாரத்தைத் தண்டப்பணம் இல்லாத வாரமாக அறிவியுங்கள். கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லுங்கள். வாசலுக்கு வெளியே ஒரு பெட்டி வைத்து, பெயர் கேட்காமல் நூலைப் போட விடுங்கள். தண்டப்பணம் ஏறிவிட்டதே என்ற வெட்கத்தில் நூலை வீட்டில் வைத்திருப்பவர்கள் நாங்கள் நினைப்பதை விட அதிகம்.

நூலின் தலைப்புப் பக்கத்தோடு, நூலகம் தனக்கென்று வைத்திருக்கும் ஓர் இரகசியப் பக்கத்திலும் முத்திரை குத்தும் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டாம். தலைப்புப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பழைய புத்தகக் கடைக்குப் போன நூலைக்கூட அந்த உள் முத்திரை காட்டிக்கொடுக்கும்.

ஒரு வகை நூலுக்கு மட்டும் நான் பூட்டைச் சொல்வேன். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947 முதற்பதிப்பு போன்றவை, ஊர் வரலாறு, கோயில், பள்ளிவாசல் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், உள்ளூர்ச் சிறுசஞ்சிகைகள். 200 பிரதி அச்சிட்ட ஒரு கோயில் மலர் போனால் எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. இவற்றைத் தனி அலுமாரியில் வைத்து, கேட்டவருக்குப் பெயர் பதிந்து உள்ளேயே வாசிக்கக் கொடுங்கள். அதோடு எண்ணிமப் பிரதியும் எடுத்துவிடுங்கள். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்திவரும், 'நூலகம்' என்றே பெயர் கொண்ட நிறுவனத்தோடு பேசிப் பார்க்கலாம். கள்வரிடமிருந்து மட்டுமல்ல, கறையானிடமிருந்தும் வெள்ளத்திடமிருந்தும் காப்பாற்ற அது ஒன்றே வழி. சேர்க்கையில் இவை சில நூறுதான் இருக்கும். சபைக்கு வருகிற திட்டப் பணத்தை எதற்காவது செலவழித்தே ஆக வேண்டும் என்றால் என் முதல் தெரிவு இது.

கதவு எப்போது தகும்? பல மாடி, வாசலிலிருந்து கண்ணுக்கு எட்டாத தட்டுகள், நாள் முழுக்கக் கூட்டம், ஒரே வெளிவாசல், அதில் எப்போதும் ஓர் ஆள், நூல்கள் எல்லாம் ஏற்கனவே கணினிப் பட்டியலில், பராமரிப்புக்கு வருடா வருடம் ஒதுக்கீடு, இவ்வளவும் இருந்து, அளந்து பார்த்த இழப்பும் பெரிதாக இருந்தால் தகும். பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு மருத்துவ, பொறியியல் நூலின் விலை பல ஆயிரம் ரூபா என்பதால் குறைந்த எண்ணிக்கையே செலவை ஈடுகட்டிவிடும். மாநகர சபை நூலகம் ஒன்று இரவல் வேலையை இலகுவாக்கவும் பொருட்கணிப்பைச் சில நாளில் முடிக்கவும் ஆர்.எப்.ஐ.டி.க்குப் போனால் அது நல்ல காரணம், கதவு அதோடு கூட வருகிற பயன். உங்களிடம் இன்னும் அட்டைப் பட்டியல்தான் என்றால் முதலில் கோஹா போன்ற இலவச நூலக மென்பொருளில் நூல்களை ஏற்றி, பார்கோடு ஒட்டுங்கள். அந்த வேலை எப்படியும் செய்ய வேண்டியது. சிப் ஒட்டுவதை மட்டும் எடுத்தாலும், ஒரு நூலுக்கு இரண்டு நிமிடம் என்றால் 20,000 நூலுக்கு 660 மணித்தியாலத்துக்கு மேல். இரண்டு பேர் தினமும் மூன்று மணித்தியாலம் ஒதுக்கினாலும் 110 நாள் வேலை. அந்த நாட்களில் சிறுவர் பகுதியை யார் பார்ப்பது என்றும் சபையில் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சபை வாங்கத்தான் போகிறது என்றால், விலைமனுக் கோரலில் சில வரிகளைச் சேர்க்க வாசகர் வட்டம் வற்புறுத்தலாம். சிப் ஐ.எஸ்.ஓ. 15693 தரத்திலும், அதில் எழுதும் தரவு ஐ.எஸ்.ஓ. 28560 ஒழுங்கிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த விற்பனையாளர் கடையை மூடும் நாளில், வேறு நிறுவனத்தின் கருவி வாசிக்காமல் 20,000 சிப்பும் குப்பை. நூல் இரவல் போயிருக்கிறதா என்பதைக் கதவு சிப்பிலேயே வாசிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வலையமைப்பு வழியாகக் கணினியைக் கேட்கும் வகை, இணைப்பு அறும்போது குருடாகிவிடும். ஐந்து வருடப் பராமரிப்பை விலையோடு சேர்த்து ரூபாவில் எழுதித் தர வேண்டும், டொலர் ஏறினால் ஏறும் என்ற வரி இருக்கக் கூடாது. பழுது பார்க்கிறவர் கொழும்பிலிருந்து எத்தனை நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்பதும், வராவிட்டால் எவ்வளவு தொகை கழிக்கப்படும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பணம் கட்டும் முன் மூன்று மாதம் உங்கள் வாசலில் வைத்து, பொய் அலாரம் எத்தனை, உண்மை அலாரம் எத்தனை என்று ஒரு கொப்பியில் நாள்வாரியாகக் குறித்துப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரின் விலைமனுவைத் திறக்கவே தேவையில்லை.